ரம்மியும் நாங்களும் ஒரே கோட்டிலா? சந்தை அறிக்கை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

இந்திய மொபைல் கேம் சந்தையைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடும் ஆய்வு நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, கோலப் புள்ளிகளை இணைக்கும் புதிர் விளையாட்டு ஒன்றை நடத்திவருகிறோம். இதில் பந்தயம் கிடையாது. யாரும் பணத்தை இழப்பதுமில்லை, வெல்வதுமில்லை. விளம்பரம் வேண்டாம் என்பவர் ஒரே ஒரு முறை 99 ரூபாய் கட்டினால் போதும்.

சென்ற மாதம் இரண்டு கணினி வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். மேலாளர் நல்ல மனிதர், தேநீர் வரவழைத்தார். பிறகு உங்களைப் போன்றோர் வெளியிட்ட அறிக்கையின் முதல் பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ‘கேமிங்’ என்ற தலைப்பின் கீழ் வருமானத்தைக் காட்டும் ஒரே ஒரு கோடு. அதன்மேல் பேனா முனையை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து, 2025 ஆகஸ்டுக்குப் பிறகு கோடு சரியும் இடத்தில் நிறுத்தினார். “உங்கள் தொழில் இப்படிக் கிடக்கிறதே” என்றார். விழுந்தது ரம்மியும் பணம் கட்டி ஆடும் கிரிக்கெட் கணிப்பும்தான், நாங்கள் இல்லை என்றேன். “தலைப்பில் எல்லாம் ஒன்றாகத்தானே போட்டிருக்கிறது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் 2023இல் அவருக்கு முன்பிருந்த மேலாளர், அதே கோடு ஏறிக்கொண்டிருப்பதைக் காட்டி, “இவ்வளவு வருமானம் கொட்டும் தொழிலில் இருப்பவருக்குக் கடன் எதற்கு?” என்று சிரித்து அனுப்பினார். ஏறினாலும் எங்களுக்கு இல்லை, இறங்கினாலும் எங்களுக்கு இல்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. பணம் வைத்து ஆடுவதைத் தனிக் கணக்காகவும் விளையாட்டைத் தனிக் கணக்காகவும் முதல் பக்கத்திலேயே பிரித்துப் போடுங்கள்.

இது புதுமையான யோசனை அல்ல. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே போட்டியாக ஆடும் மின்விளையாட்டு (இ-ஸ்போர்ட்ஸ்), பந்தயமில்லாத சமூக விளையாட்டு, பண விளையாட்டு என மூன்றாகப் பிரித்துத்தான் கடைசியானதைத் தடை செய்தது. அதற்கும் முன்பே, 2023 அக்டோபர் 1 முதல் பந்தயத்துக்குக் கட்டும் தொகை முழுவதற்கும் ஜிஎஸ்டி 28 விழுக்காடாக இருந்தது, எங்களுக்கு 18. வரி வாங்குகிறவருக்குத் தெரிந்த வித்தியாசம் கோடு வரைகிறவருக்குத் தெரியாமற்போனது எப்படி?

மொபைல் கேம் பதிவிறக்கத்தில் உலகிலேயே இந்தியாதான் முதலிடம் என்று தடித்த எழுத்தில் போடுகிறீர்கள். உண்மைதான். ஆனால் இறக்குகிறவர்களில் காசு கொடுப்பவர் மிகச் சிலர். எங்கள் விளையாட்டை இரவில் இறக்கி, கைபேசியில் இடம் போதாமல், காலையில் உறவினர் வீட்டுக் கல்யாண வீடியோவுக்காக நீக்கிவிடுகிறார்கள். உங்கள் கணக்கில் அதுவும் ஒரு பதிவிறக்கம், ஒரு வளர்ச்சி. 2020 செப்டம்பரில் பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு தடையானது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் மறைந்து 2023 மே மாதம் திரும்பியது. இத்தனை குலுக்கலுக்கும் அசையாமல் உங்கள் அட்டைப்படத்து அம்பு வடகிழக்கையே பார்த்து நின்றது. ஈசானிய மூலை என்று வாஸ்து பார்த்து வரைந்தீர்களோ என்னவோ.

மன்னிக்கவும், சொல்ல வந்தது அதுவல்ல. பிரித்த கணக்கு உள்ளே நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது என்பீர்கள். வங்கி மேலாளர் நாற்பதாம் பக்கம்வரை வருவதில்லை ஐயா. அதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. அடுத்த அறிக்கையின் முதல் பக்கத்தில் இரண்டு கோடுகள் வரைய வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் கோடு சிறியதாக, தரையோடு தரையாக இருந்தாலும் பரவாயில்லை. அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே வங்கிக்குப் போவதாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கோலப் புள்ளிக்காரர் மூவரில் ஒருவர்