ஆண்டறிக்கை: தமிழ் எழுதும் வண்டி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அம்மாபேட்டை உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விளையாட்டுப் போட்டி, ஆடி மாதம் கூழ் ஊற்றியது, சாக்கடை தூர்வாரக் கேட்டு மனு கொடுத்தது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஞாயிறு மாலைகளில் படிப்பகத்தில் நம் பிள்ளைகள் செய்த வேலையைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேனா பிடித்துத் தமிழ் எழுதும் ஒரு சின்ன ரோபோ வண்டியை அவர்கள் செய்திருக்கிறார்கள்.

நன்கொடையாக வந்த ரோபோ உதிரிப்பாகக் கிட்டில், பேட்டரியில் ஓடும் மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார் இரண்டு இருந்தன. ஓடுவதற்கு நல்ல மோட்டார், வரைவதற்கு ஆகாது. 'இத்தனை விநாடி ஓடு' என்றுதான் அதற்குச் சொல்ல முடியும். பேட்டரி இறங்க இறங்க, அதே விநாடியில் வண்டி போகும் தூரமும் குறைந்துவிடும். அதனால், எண்ணிச் சொன்ன அளவுக்குப் படிப்படியாகச் சுழலும் 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பர் மோட்டாருக்கு மாறினோம். அது ஏறத்தாழ 2048 படியில் ஒரு சுற்றை முடிக்கும். சக்கரத்தின் விட்டம் 65 மி.மீ., சுற்றளவு 204 மி.மீ. வகுத்துப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டருக்குப் பத்துப் படி. இவ்வளவு மலிவான மோட்டாரில் இந்த நுட்பம் கிடைப்பது பெரிய விஷயம். அதன் அச்சு கிட்டின் சக்கரத்துக்குப் பொருந்தவில்லை. லேத் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர் இரண்டையும் இணைக்கும் புஷ் என்ற சிறு குழாயைக் காசு வாங்காமல் கடைந்து கொடுத்தார். அவருக்குச் சங்கத்தின் நன்றி.

இரண்டு சக்கரத்துக்கும் இடையே 120 மி.மீ. நின்ற இடத்தில் 90 டிகிரி திரும்ப, ஒரு சக்கரம் முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் 945 படி சுழல வேண்டும். அந்த 120ஐ ஒரு மில்லிமீட்டர் தப்பாக அளந்தால் முழுச் சுற்றுக்கு 3 டிகிரி பிசகும், சதுரத்தின் கடைசிக் கோடு முதல் கோட்டைத் தொடாது. கணக்கு வகுப்பில் 'பை' என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள் வெர்னியர் கேட்டு வாங்கி அளந்ததைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. பேனாவை இரண்டு சக்கரத்துக்கும் சரியாக நடுவில் வைக்க வேண்டும் என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். கொஞ்சம் தள்ளி வைத்தால், வண்டி திரும்பும்போதெல்லாம் தேவையில்லாத வளைவு விழும். பேனாவைத் தூக்கி இறக்க எஸ்ஜி90 சர்வோ என்ற சின்ன மோட்டார்.

யோசனை பழையதுதான். 1967இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபூர்ஸைக் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதன் கட்டளைப்படி தரையில் ஊர்ந்து கோடு போட்ட ரோபோவுக்கு ஆமை என்று பெயர் வைத்தார்கள். பைத்தான் என்ற கணினி மொழியில் இன்றும் அந்த ஆமை இருக்கிறது. நம் பிள்ளைகள் எதையும் முதலில் திரையில் ஆமையை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டிக்கு அனுப்பினார்கள்.

சதுரமும் நட்சத்திரமும் சரி, தமிழ் எழுத வேண்டுமே. கணினியில் உள்ள எழுத்துருக்கள் எழுத்தின் வெளிவிளிம்பைத்தான் வைத்திருக்கின்றன. பேனாவிடம் கொடுத்தால் 'அ' உள்ளே கூடாக வருகிறது. பேனாவுக்கு ஒற்றைக் கோட்டு எழுத்து வேண்டும். ஆங்கிலத்துக்கு ஹெர்ஷி எழுத்துருக்கள் 1967 முதலே உண்டு. தமிழுக்கு நாமே வரைந்துகொள்ள முடிவு செய்தோம். இங்கேதான் நம் தறிக்கார அண்ணன் வந்தார். பட்டுச் சேலைக்குப் புட்டா என்னும் பூவடிவத்தைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு, தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டைக்கு மாற்றுவது அவர் தொழில். அட்டையில் துளை இருந்தால் பாவு இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பேனா இறங்குவதும் ஏறுவதும் அவருக்கு அப்படியே விளங்கிவிட்டது. கை எழுதும் வரிசையிலேயே ஒவ்வொரு எழுத்தையும் புள்ளிகளாகக் குறித்துக் கொடுத்தார். 'ழ'வின் கீழ்வளைவுக்கு மட்டும் ஒரு மாலை முழுக்கச் செலவிட்டார். அந்தக் கிராஃப் தாள்கள் படிப்பகத்தின் சொத்து, பைண்டு செய்து வைக்க வேண்டும்.

247 எழுத்தையும் தனித்தனியே வரையத் தேவையிருக்கவில்லை. கால், கொம்பு, சுழி போன்றவற்றை ஒருமுறை வரைந்து ஒட்டிக்கொள்ளலாம். உகர, ஊகார வரிசைதான் பிடி கொடுக்காதது. கு, சு, து ஒவ்வொன்றுக்கும் தனி உருவம் என்பதால் அந்த 36 எழுத்தையும் வரைந்தே ஆக வேண்டியிருந்தது. 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் லை, னை போன்றவற்றுக்கும் மற்ற எழுத்துகளின் ஐகாரக் குறியையே கொடுத்துவிட்டதால் அவை எளிதாக முடிந்தன. அப்புறம் கணினியில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு என்றுதான் பதிவாகும். எழுதும் பேனாவுக்குக் கொம்புதான் முதலில். இந்த இடமாற்றத்துக்கு நிரல் எழுதியது பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர். பள்ளிப் பாடத்தில் இல்லாத வேலை இது. அவரை இந்தக் கூட்டம் பாராட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மார்கழியில் சிக்குக் கோலம் முயன்றோம். கோலம் வரைவதைக் கணினிக்கேற்ற இலக்கண விதிகளாக 1970களிலேயே ஆராய்ந்தவர்கள் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும். இழை புறப்பட்ட புள்ளிக்கே திரும்ப வேண்டும் என்பதால் வண்டியின் குறை எதுவும் ஒளிய முடியாது. கோணல் எந்த வளைவில் தொடங்குகிறது என்று மகளிர் அணி அக்காமார் பார்த்தவுடன் காட்டினார்கள். மோட்டாரின் பல்சக்கரங்களில் இருந்த லூஸ்தான் காரணம். திசை மாறும்போதெல்லாம் சில படி கூடுதலாகச் சுழலச் சொன்னதும் இழை கூடியது.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். சந்தா வரவில் ஒரு சிறு பங்கை இன்னொரு வண்டிக்கான உதிரிகளுக்கு ஒதுக்க வேண்டும். ஒரே வண்டி என்பதால் சின்னப் பிள்ளைகள் வேடிக்கை மட்டுமே பார்க்கிறார்கள். அடுத்து, தறிக்கார அண்ணனின் எழுத்துப் புள்ளிகளைக் கேட்கும் எந்தப் படிப்பகத்துக்கும் பள்ளிக்கும் இலவசமாகக் கொடுக்கத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அவர் சம்மதம் தெரிவித்துவிட்டார்.

இப்படிக்கு,
செயலாளர்