பொத்தான் போடக் கை வந்தது: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எனக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் நோய், என்று முதலில் கண்டுபிடித்த மருத்துவர் கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் போகும்போதெல்லாம் புதுப் பரிசோதனை, புது மாத்திரை என்று சீட்டு நீண்டுகொண்டே போயிற்று. இது ஆயுள் முழுக்கக் கூடவே வரும் நோய் என்று சொன்னவர், ஆயுள் முழுக்க இந்தச் செலவுக்கு என்ன செய்வாய் என்று கேட்கவில்லை. அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான், டாக்டர்.

"மருந்துக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும்? கூச்சப்படாமல் சொல்லுங்கள்" என்றீர்கள். பிறகு என் கைகளை வாங்கி, விரல் கணு ஒவ்வொன்றையும் மெல்ல அழுத்திப் பார்த்தீர்கள். காலையில் விறைப்பு விட எவ்வளவு நேரமாகிறது, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, குழாயைத் திருக முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டீர்கள். நான் கட்டாகக் கொண்டுவந்த அறிக்கைகளைப் புரட்டிவிட்டு, "முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. இரத்தப் பரிசோதனையில் ஒருமுறை தெரிந்தாயிற்று. அதையே திரும்பத் திரும்ப எடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை" என்று அதைச் சீட்டிலிருந்தே அடித்துவிட்டீர்கள். இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பரிசோதனையை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடக் கூடாது என்று கண்டிப்பாகவும் சொன்னீர்கள். எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை என்றதும் நான் மிரண்டேன். புற்றுநோய்க்குக் கொடுப்பது அல்லவா! நீங்கள் சிரிக்கவில்லை. அங்கே கொடுக்கும் அளவு வேறு, இங்கே வாரத்தில் ஒரே நாள், அதுவும் மிகக் குறைந்த அளவு என்று விளக்கினீர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழுதான் இதை உருவாக்கியது என்று உங்களிடம்தான் முதலில் கேள்விப்பட்டேன். பக்கவிளைவைக் குறைக்க நான் வேறொரு நாளில் விழுங்கும் ஃபோலிக் அமிலத்தையும் ஆய்வுக்கூடத்தில் தயாரித்தவர்கள் அதே குழுவினர்தானாம். 1948இல் மறைந்த அந்த மனிதருக்கும் இந்த மடலில் ஒரு கும்பிடு.

பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம், பாதியில் விட்டுவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னது பெரிய உபகாரம். சொல்லியிருக்காவிட்டால் ஒரே மாதத்தில் வேறு வைத்தியரைத் தேடிப் போயிருப்பேன்.

மருந்துக் கடைத் தம்பிக்கு அடுத்த நன்றி. அட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன் அதன்மேல் தடித்த மையில் "ஞாயிறு மட்டும்" என்று எழுதி, "எந்தக் கிழமை சாப்பிடுவீர்கள்?" என்று என் வாயாலேயே சொல்ல வைத்தார். வாரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதைத் தினமும் எடுத்தால் இரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து என்று பதறாமல் எடுத்துச் சொன்னார். அதே மருந்து குறைந்த விலையில் வேறு நிறுவனத் தயாரிப்பாகக் கிடைக்கிறது, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னவரும் அவர்தான். கடைக்கு லாபம் குறையும் என்று தெரிந்தே சொன்னார்.

பிசியோதெரபி அம்மா எந்தக் கருவியையும் வாங்கச் சொல்லவில்லை. பேனாவிலும் கரண்டிப் பிடியிலும் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கித் தந்தார். பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கை மடிப்பில் மாட்டிக்கொள்ளவும், புட்டி மூடியை உள்ளங்கையால் அழுத்தித் திருகவும் பழக்கினார்.

நர்ஸ் அக்கா, காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வறட்டு இருமலோ வந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள் என்று சொன்னதோடு, நான் ஒருநாள் காய்ச்சலில் கூப்பிட்டபோது போனை எடுக்கவும் செய்தீர்கள். "இந்த வார மாத்திரையை நிறுத்திவையுங்கள், உடனே வந்து காட்டுங்கள்" என்று டாக்டரிடம் கேட்டுச் சொன்ன அந்தக் குரலுக்கு எப்படி நன்றி சொல்வது!

ஒரே ஒரு விண்ணப்பம். காத்திருக்கும் இடத்தில் உள்ள பெஞ்சு மிகவும் தாழ்வு. முழங்கால் வீங்கியவர்கள் உட்கார்ந்தால், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுப்பவருக்கும் பெரும்பாலும் கைவலி. கொஞ்சம் உயரமான நாற்காலிகள் போட்டால், தனியாக இன்னொரு மடல் எழுதத் தயாராக இருக்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் நோயாளி