பூம்புகார் மாடத்துக்கு யார் பொறுப்பு?

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தி காதுகுத்து வேலையில் உடனே உட்கார்ந்து எழுத முடியவில்லை. இங்கே எல்லோரும் சுகம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. படியேறினால்தான் முழங்கால் வலிக்கிறது. தங்கச்சி கேட்ட கண்டாங்கிச் சேலையை வாங்கி வைத்தாயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பூம்புகார் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. அந்த வளாகத்தைப் புதுப்பிக்க 23 கோடிக்கு மேல் ஒதுக்கியதை வைத்து டீக்கடையில் இரண்டு கட்சியாகச் சண்டை நடக்கிறது என்றாய். கருவாடு காயவைக்க நல்ல தளம் இல்லாத எங்களுக்குக் கல் கண்ணகி என்ன சோறா போடப்போகிறாள் என்று ஒரு மீன்காரம்மா கேட்டதையும் எழுதியிருந்தாய். அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். கடல் ஒரு பக்கம் கரையைத் தின்ன, 2004 சுனாமியில் வீட்டையும் படகையும் இழந்து எழுந்து வந்த சனம், ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு நிற்காமல், கலையெல்லாம் வயிறு நிறைந்தவர்கள் விவகாரம் என்று நீயாக ஒரு வரி சேர்த்திருந்தாய் பார், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஓவிய வாத்தியாராக இருந்த காலத்தில் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். கோவலன் கல்யாணத்திலிருந்து மதுரை எரிந்தது வரை கதை முழுக்கக் கல்லில் செதுக்கியிருக்கும் அல்லவா, பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டே ஓடினார்கள். ஒரு பையன் மட்டும் கண்ணகி சிலம்போடு நிற்கும் இடத்தில் நின்றுவிட்டான். முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, சேலை மடிப்பு மேலிருந்து கீழே விழும் பள்ளத்தில் விரலை விட்டு உளித் தடத்தைத் தடவிக்கொண்டிருந்தான். “இந்த ஓரத்தை உடையாம எப்படி சார் வெட்டுனாங்க?” என்று கேட்டான். சித்தாள் வேலை பார்க்கும் அம்மாவுக்குப் பிறந்தவன், மதியத்துக்குச் சத்துணவை நம்பி வந்தவன். அந்தக் கேள்வி கேட்க வயிறு நிறைந்திருக்க வேண்டியதில்லை மாப்பிள்ளை.

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த மனுஷன் நம் பக்கத்து ஊர்க்காரர்தான். கணபதி ஸ்தபதி பிள்ளையார்பட்டியில் 1927இல் பிறந்தவர். நாம் படித்த அழகப்பா கல்லூரியிலேயே கணிதம் படித்துவிட்டு, பிறகு மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். 1973இல் பூம்புகாரில் இந்தக் கலைக்கூடம் ஏழு நிலை மாடமாக எழுந்ததில் அவர் பங்கு பெரிது. கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு முதல் தேதி திறந்த 133 அடி வள்ளுவரும் அவர் கை வேலைதான்.

இரண்டும் அரசாங்கப் பணம், இரண்டுக்கும் எதிரே கடல், இரண்டுக்கும் ஒரே ஸ்தபதி. பிறகு ஏன் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, இன்னொன்று இத்தனை வருடம் பாழடைந்து கிடந்தது? வள்ளுவருக்குச் சில வருடத்துக்கு ஒருமுறை சாரம் கட்டுகிறார்கள். காகிதக் கூழை அப்பி, கல் குடித்த உப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, மேலே ரசாயனப் பூச்சு கொடுக்கிறார்கள். படகு படகாக ஜனம் வருவதால் அதை யாரும் மறக்க முடியாது. பூம்புகாருக்கு அந்தக் கூட்டம் கிடையாது. திறப்பு விழா முடிந்தது, கல்வெட்டில் பெயர் ஏறியது, அப்புறம் தகரக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கக்கூட எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை. கடற்கரைக் கட்டடத்தை அப்படி விட முடியுமா? உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் நுழைந்தால் கம்பி துருப்பிடித்து ஊதும், ஊதினால் காரை பெயர்ந்து விழும். வருடத்துக்குக் கொஞ்சம் என்று பார்த்திருந்தால் இன்றைக்குக் கோடிக்கணக்கில் ஒதுக்க வேண்டி வந்திருக்காது. உன் ஊர்க்காரர்கள் கோபப்பட வேண்டியது கவனிக்காமல் விட்ட அந்த வருடங்களைப் பார்த்துத்தான்.

கோயிலை எடுத்துக்கொள். 12 வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று நம் ஆட்கள் வைத்தார்களே, அது வெறும் சடங்கு என்று நான் நினைக்கவில்லை. பாலாலயம் என்று சாமியைத் தற்காலிகமாக இடம் மாற்றி, கோபுரத்துக்குச் சாரம் கட்டி, விரிசலை அடைத்து, உதிர்ந்த சுதையை ஒட்டி, வர்ணம் தீட்டித்தான் தீரவேண்டும். பராமரிப்புச் செலவை யாரும் தட்டிக்கழிக்க முடியாதபடி சாமி பேரில் கட்டிப்போட்டுவிட்டார்கள். அரசாங்கக் கலைக்கூடத்துக்கு அப்படி ஒரு கெடு கிடையாது.

பணம் யார் போட்டது என்பதும் இருக்கிறது. இங்கே நகரத்தார் கோயில்களில் கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு புள்ளி. திருப்பணி என்றால் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி வைப்பார்கள், சிங்கப்பூரில் இருந்தாலும் அனுப்பியாக வேண்டும். போட்டவனுக்குக் கணக்குக் கேட்க வாய் உண்டு. உன் பக்கத்து மீனவர் ஊர்களிலும் தலைக்கட்டு வரி என்று அதே மாதிரிதானே வசூலித்து அம்மன் கோயில் திருவிழா நடத்துகிறார்கள்? ஆகவே பொதுக் காரியத்துக்குப் பணம் போடுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அந்தச் சனத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கலைக்கூடத்து விஷயத்தில் மட்டும் அவர்களை வேடிக்கை பார்க்கிறவர்களாக நிறுத்திவிட்டார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் ஊரின் இந்தப் பழைய முறையையும் நான் தூக்கி வைத்துப் பேச மாட்டேன். எங்கள் ஐயா கொத்தனார். சுண்ணாம்பை நீற்றி, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு கலந்து, கூழாங்கல்லால் நாள் கணக்கில் தேய்த்து அவர் பூசிய சுவரில் முகம் தெரியும். சித்திரை வெயிலிலும் கை வைத்தால் சில்லென்று இருக்கும். ஆனால் அவருக்குப் புள்ளியும் கிடையாது, கணக்குக் கேட்கும் வாயும் கிடையாது. பூம்புகாரில் அரசாங்கப் பணம் என்றால், அதில் கொத்தனாருக்கும் மீன்காரம்மாவுக்கும் பங்கு உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே பொதுப் பணத்தில் கலை வேண்டும் என்கிறேன்.

பொதுப் பணம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று பார்க்க எங்கள் தெரு முனைக்கு வந்தால் போதும். அந்த நாலு கட்டு வீட்டைப் போன மாதம் இடிக்க ஆரம்பித்தார்கள். பங்காளிகள் எத்தனையோ ஊரில் இருக்கிறார்கள், ஓடு மாற்றக்கூட யாருக்கும் வசதிப்படவில்லை. பர்மா தேக்குத் தூண்களும் நிலைக்கதவும் லாரியில் போயின. சுவரைக் கடப்பாரையால் குத்தியபோது பூச்சு தோசை மாதிரி முழுசாகப் பெயர்ந்து வந்தது, இத்தனை வருடத்துக்குப் பிறகும் பின்பக்கம் மழமழவென்று இருந்தது. ஒரு துண்டை எடுத்து வந்து மேஜையில் வைத்திருக்கிறேன். 2014இலேயே செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. பட்டியல் கடப்பாரையைத் தடுக்கவில்லை. தனியார் சொத்து, யாரைப் போய்க் கேட்பது? பூம்புகாரிலாவது போய்க் கேட்க ஒரு வாசல் இருக்கிறது.

இன்னொன்றையும் உன் டீக்கடை நண்பர்களுக்குச் சொல். கலைக்கூடத்து வெளியில் பாவை மன்றம் என்று ஒன்று கட்டி வைத்திருக்கிறார்களே, அது சிலப்பதிகாரத்தில் வரும் புகார் நகரத்து மன்றம். அரசன் செங்கோல் கோணினாலும், நீதி சொல்லும் அவை ஒரு பக்கம் சாய்ந்தாலும் அங்கே நிற்கும் பாவை வாய் திறக்காமல் கண்ணீர் விடுமாம். தன்னை ஆள்கிறவனைக் கண்காணிக்க ஊர் நடுவே சிலை வைத்த பட்டினம் அது. எங்கள் ஊர் ஆச்சிமார் இன்றைக்கும் எங்கள் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்று சொல்லிக்கொள்வார்கள். கடல் கொண்ட பயத்தில்தான் இங்கே வீட்டை இவ்வளவு உயரத் தளம் போட்டுக் கட்டினோம் என்றும் சொல்வார்கள். அந்தப் பட்டினத்துக் கலைக்கூடச் சிலைகளைக் கரையில் வாழ்கிறவர்களே வேண்டாம் என்று சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோமே என்று நினைக்கும்போது மனசு ஆறவில்லை.

அதனால் ஒன்று செய். சண்டையை டீக்கடையிலிருந்து மே 1 கிராம சபைக்குக் கொண்டு போ. வேலை முடிந்த பிறகு வருடாந்திரப் பராமரிப்புக்கு எவ்வளவு, எந்தத் துறை கையெழுத்துப் போடும் என்று எழுத்தில் கேளுங்கள். நுழைவுச் சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு ஊருக்கே நிற்க வேண்டும். காவலுக்கும், வழிகாட்டிச் சொல்வதற்கும், உப்புக் கழுவுகிற வேலைக்கும் ஊர்ப் பிள்ளைகளையே பழக்கி எடுக்க வேண்டும். மாமல்லபுரம் கல்லூரியிலிருந்து ஆள் வந்து சொல்லிக்கொடுத்தால் அது ஒன்றும் முடியாத காரியமில்லை. கருவாட்டுத் தளத்தையும் அதே தீர்மானத்தில் சேருங்கள். வளாகம் அவ்வளவு பெரியது, கடற்கரையும் பக்கத்தில் இருக்கிறது, இடம் பார்த்துத் தர முடியாதா என்ன? அந்த அம்மாவை முன்வரிசையில் உட்காரவை. மீனவர் ஊர்த் தலைவர்களான நாட்டார்களை முதலிலேயே பார்த்துப் பேசிவிடு, இல்லையென்றால் நம்மைக் கேட்காமல் செய்கிறான் என்று அவர்கள் உன்னையும் சந்தேகப்படுவார்கள்.

நான் இரண்டு நாள் முன்னாலேயே ரயிலேறி வந்துவிடுகிறேன். பிள்ளைகளோடு போனபோது எடுத்த பழைய போட்டோக்களைத் தேடி எடுத்திருக்கிறேன், எந்தச் சிற்பம் எப்படி இருந்தது என்று காட்ட உதவும். மனுவை நீ எழுதி அனுப்பு, நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன். கோபமாக எழுதாதே, கணக்காக எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி