கூப்பிட்டது போதும், போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆராதனைக்கு வராதவர்களைத் திருச்சபை எப்படி எட்டுவது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரிய திரை, புதிய இசைக்கருவிகள், நேரலை என்று நிறைய யோசனைகள். சரி, இருக்கட்டும். ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கான வசதிகள். வெளியே இருப்பவர் யார் என்று கட்டுரை கேட்கவே இல்லை.

ஞாயிறு காலையும் வேலைக்குப் போகிறவர் இருக்கிறார். படுக்கையில் கிடக்கும் தாயைத் தனியே விட்டு வர முடியாதவர் இருக்கிறார். சபைத் தேர்தல் சண்டையில் மனம் வெறுத்தவர், மணமுறிவுக்குப் பிறகு நாலு பேர் பார்வைக்குப் பயந்து ஒதுங்கியவர், விசுவாசமே விட்டுப்போனவர், கிறிஸ்தவத்தோடு சம்பந்தமே இல்லாதவர் என்று ஒவ்வொருவர் கதை ஒவ்வொரு விதம். இவர்கள் அத்தனை பேர் கையிலும் ஒரே துண்டுப்பிரதியைத் திணித்து என்ன பயன்?

பல வருடம் கழித்து ஒருவர் துணிந்து வருகிறார் என்று வையுங்கள். வாசலிலேயே "என்ன, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று ஒரு கேலி. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் "இங்கே ஆள் வருது" என்று எழுப்பிவிடுகிறார்கள். பாட்டின் எண்ணைச் சொல்கிறார்கள். கையில் புத்தகம் இல்லை. எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று பக்கத்து ஆளை ஓரக்கண்ணால் பார்த்தபடியே ஆராதனை முடிகிறது. அடுத்த வாரம் அவர் வரமாட்டார். உலக ஆசை இழுத்துக்கொண்டது என்று நாமும் தீர்ப்பு எழுதிவிடுவோம்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய குருவானவர் ஜான் வெஸ்லி, கோயிலுக்கு வெளியே பிரசங்கம் செய்வதே முறையல்ல என்று நினைத்திருந்தவர். அவரே 1739-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் திறந்த வெளியில் நின்று பேசினார். ஆலயத்தை எட்டிப்பார்க்காத சுரங்கத் தொழிலாளர்களை அதற்குச் சற்று முன்புதான் அவருடைய நண்பரான குருவானவர் ஜார்ஜ் விட்ஃபீல்ட் தேடிப் போயிருந்தார்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது லண்டன் குருவானவர் சாட் வாரா செய்த காரியம். தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் பேசுவதற்காக 1953-இல் தன் ஆலயத்தில் ஒரு தொலைபேசி வைத்தார். நேரிலும் ஆட்கள் வந்தார்கள். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தவர்கள் சாதாரணத் தன்னார்வலர்கள். அவர்களிடம் மனம்விட்டுப் பேசியதே போதும் என்று பலர் குருவைப் பார்க்காமலே திரும்பிப் போனார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பொறுப்பை அவர் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அழைப்பவரிடம் மதப் பிரசாரம் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. ‘சமாரிட்டன்ஸ்’ என்ற அமைப்பு வளர்ந்தது இப்படித்தான்.

அப்படியானால் சுவிசேஷம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். ஊரார் வெறுத்த வரி வசூலிப்பவன் சகேயுவை இயேசு ஜெபாலயத்துக்கு வரச் சொல்லவில்லையே. அவன் வீட்டுக்குத் தானே விருந்தாளியாகப் போனார். இன்னொன்று, உதவியைத் தூண்டில் ஆக்கக் கூடாது. அரிசி கொடுத்துவிட்டு ஆராதனையில் தலை எண்ணினால், வாங்கியவருக்கு அது புரியாமலா போகும்? வேண்டாம் என்றவரை அதன்பிறகும் நட்போடு நடத்தத் தெரிய வேண்டும்.

சபைக் கமிட்டிகளுக்கு ஒரு யோசனை. அடுத்த ஸ்பீக்கர் வாங்கத் தீர்மானம் போடும் முன், ஒரு வருடமாகக் காணாமல் போனவர்களின் பெயர்களை எழுதிப் பாருங்கள். போதகர் மட்டுமல்ல, பழகிய யாராவது ஒருவர் போய் அவர்களைப் பார்க்கட்டும். "ஏன் வரவில்லை?" என்று ஆரம்பிக்க வேண்டாம். காணிக்கைப் பேச்சும் வேண்டாம். அவர் சபையைத் திட்டினால், திட்டி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
சபையில் ஒருவர்