சீனி போடாத ஐஸ்பழம்

அன்புள்ள மகனுக்கு,

போன கிழமை தொலைபேசியில் "இனி எனக்கு இனிப்பே இல்லை அம்மா" என்றாய். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை. இந்த வயதில் உனக்கும் சலரோகம் என்பதைவிட, அந்தக் குரல்தான் என்னை வருத்துகிறது. அப்பாவுக்கு நான் பதினொரு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறேன். அவருக்குச் செய்து கொடுக்கும் ஒன்றை உனக்கும் எழுதுகிறேன்.

போரால் மூடிக் கிடந்த ஏ9 பாதை 2002 இல் திறந்த பிறகு, சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு ஐஸ்பழக்காரர் நம் ஒழுங்கைக்கு வந்தது நினைவிருக்கிறதா? மின்சாரமே இல்லாத வன்னியில் பிறந்த பிள்ளை நீ. முதல் ஐஸ்பழத்தைக் கையில் வாங்கியதும் "சுடுகிறது அம்மா" என்று அழுதாய். பிறகு குச்சியைக்கூட எறிய விடவில்லை. இன்று வீட்டில் குளிர்ப்பெட்டி இருக்கிறது. உனக்கு அதைச் செய்து தர நான் பக்கத்தில் இல்லை.

வாழைப்பழத்தில் தொடங்கு. எனக்கு இங்கே கதலி இருக்கிறது. அங்கே கிடைக்கும் நீண்ட மஞ்சள் பழமும் போதும். தோலில் புள்ளி விழும்வரை வைத்திரு. தோலை உரித்து, விரல் தடிப்பில் வெட்டி, ஒன்றோடொன்று முட்டாமல் தட்டில் பரப்பி, இரவு முழுவதும் உறைய விடு. தோலோடு வைத்துவிடாதே, பிறகு உரிக்கவே முடியாது. காலையில் கிறைண்டரில் போட்டால் முதலில் புட்டுப் போல உதிரும். பழுதாகிவிட்டதென்று நிறுத்திவிடாதே. இடையிடையே கரண்டியால் வழித்துவிட்டு இன்னும் அரை. திடீரென்று எல்லாம் சேர்ந்து வெண்ணெய் போலத் திரளும். ஒரு சொட்டுப் பால்கூட வேண்டாம்.

அப்பாவுக்குப் பிடித்தது கறுத்தக்கொழும்பான். மாம்பழத்தை அரைத்து, கெட்டியான எருமைத்தயிர் இரண்டு கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, தேசிக்காய்ச் சாறு நாலு துளி சேர்ப்பேன். நாக்கு குளிர்ந்தால் இனிப்புக் குறைவாகத்தான் தெரியும். அந்த உப்பும் புளிப்பும்தான் பழத்தின் சுவையைத் தூக்கி நிறுத்தும். இதை உறைய வைத்து, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்துக் கிளறு, இல்லாவிட்டால் பனிக்கட்டி ஊசி ஊசியாக நிற்கும். சீனி போட்டால் ஐஸ் மென்மையாக இருக்கும். நாம் போடாததால் இது கல்லாக இறுகும். பத்து நிமிடம் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடு. பாலைப்பழத்திலும் ஒருமுறை செய்து பார்த்தேன், சரிவரவில்லை. அதன் பால் குளிரில் இன்னும் இறுகி உதட்டில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பழத்தை மரத்தடியில் நின்று தின்பதுதான் சரி.

மகனே, இதை மட்டும் கவனமாகக் கேள். சீனி போடவில்லை என்பதற்காக இதில் சீனி இல்லை என்று நினைத்துவிடாதே. பழத்துக்குள்ளேயே இருக்கிறது. பழம் பழுக்கப் பழுக்க மாச்சத்துச் சீனியாக மாறும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சீனியும் மாச்சத்தும் நாருமாக ஏறத்தாழ 27 கிராம் இருக்கிறது. அப்பா தொடக்கத்தில் "பழம்தானே" என்று பெரிய கோப்பை நிறையச் சாப்பிட்டார், அடுத்த முறை கிளினிக்கில் அளவு ஏறியிருந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சின்னத் தேநீர்க் கோப்பையில் பாதிதான். அதுவும் சோறு சாப்பிட்ட கையோடு கொடுப்பதில்லை. பின்னேரம், வேறொன்றும் இல்லாத நேரத்தில் கொடுப்பேன். நீயும் உன் வைத்தியரிடம் அளவைக் கேட்டுக்கொள். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்திப் பார்த்து, என்ன வந்தது என்று எனக்குச் சொல். கூடியிருந்தாலும் மறைக்காமல் சொல்.

மாங்காய் இப்போதுதான் முற்றுகிறது. நீ விடுமுறைக்கு வரும்போது பழுத்திருக்கும். பழைய ஐஸ்பழக் குச்சிகளைப் போல நாலு குச்சி சீவித் தரும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா