ஊசியா ஆபரேஷனான்னு கேட்ட அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

நேத்து ராத்திரி ஃபோன்ல "நீ ரெண்டையும் பாத்தவ, இந்த இடுப்பு வலிக்கு ஊசியா ஆபரேஷனா, ஒண்ணு சொல்லு"ன்னு கேட்டீங்க, எனக்கு சட்டுன்னு பதில் வரல. அதான் உக்காந்து எழுதறேன். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டி முதுகு போனவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, அவங்க கண்ணுலயும் படட்டும்னு இங்கயே போடறேன்.

ஏழு மாசமா "இடுப்பு வலி"ன்னு மட்டும்தான் சொல்றீங்க. வலி முதுகுல அதிகமா, கால்ல அதிகமாண்ணா? இத முதல்ல சொல்லுங்க. இடுப்புல ஆரம்பிச்சு பின்தொடை, கெண்டைக்கால், பாதம் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி இழுத்தா அது நரம்பு நசுங்கற வலி, டிஸ்க்னா முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கற மெத்தை, அதுல பிதுங்கின துண்ட எடுக்கற ஆபரேஷன் அதுக்குத்தான் நல்லா கேக்கும். முதுகு மட்டும்தான் வலிக்குதுன்னா ஸ்க்ரூ போட்டு எலும்ப சேக்கறதுக்கு அவசரப்படாதீங்க, ஒழுங்கா பயிற்சி செஞ்சவங்களுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் பல ஆராய்ச்சியில தெரியல. எம்ஆர்ஐல "டிஸ்க் பல்ஜ்"னு, அதாவது டிஸ்க் வெளிய புடைச்சிருக்குன்னு போட்டிருக்குன்னு அண்ணி அழுதாங்களாம். வலியே இல்லாதவங்கள ஸ்கேன் எடுத்த ஆய்வுகள 2015ல ஒண்ணா சேத்து பாத்தாங்க, 50 வயசுக்காரங்கள்ல 60% பேருக்கு அந்த பல்ஜ் இருந்துச்சு. படத்த வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்கன்னு அண்ணிக்கும் சொல்லுங்க.

ஊசின்னா நரம்பு பக்கத்துல ஸ்டீராய்டு விடறது. அந்த இடத்து வீக்கம் வத்தும், டிஸ்க் அங்கயேதான் இருக்கும். புதுசா வந்த கால் வலிக்கு சில பேருக்கு கொஞ்ச நாள் நல்ல ஆறுதல் கிடைக்குது, ஆனா மூணு மாசத்துக்கு மேல இழுக்கற வலிக்கு இந்த ஊசி வேண்டாம்னே 2025ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு வழிகாட்டுதல் வந்திருக்கு, எல்லா டாக்டரும் அத ஒத்துக்கல. உங்களுக்கு சுகர் வேற இருக்கு, ஊசி போட்ட கொஞ்ச நாளைக்கு ஏறும், முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

என் கதை உங்களுக்கு பாதிதான் தெரியும். மூணு ஊசி போட்டேன். மூணாவது ஊசிக்கப்புறம் வலி நல்லா குறைஞ்சு போச்சு, சந்தோஷமா திருப்பூர்ல திரும்ப மிஷின்ல உக்காந்தேன், வலது கால் பெடல்ல நிக்காம வழுக்கிட்டே இருந்துச்சு, பெடல்தான் தேஞ்சிருக்குன்னு நெனச்சேன். ஒரு நாள் ரோட்டுல பின்னாடி வந்த பொண்ணு "அக்கா, செருப்பு அங்க கெடக்கு"ன்னு கூப்பிட்டுச்சு, கழண்டதே எனக்கு தெரியல. ஊசி போட்ட எடத்துல ஒருத்தர் கூட கால் கட்டைவிரல தூக்க சொல்லி பாக்கல, வலி எவ்வளவுன்னு மட்டும்தான் கேட்டாங்க. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே கால் வலி போச்சு. அந்த விரல் இன்னிக்கும் முழுசா தூக்க வரலண்ணா.

அதனால வலிய மட்டும் பாக்காதீங்க, பலத்த பாருங்க. குதிகால்ல பத்தடி நடங்க, அப்புறம் நுனிக்கால்ல பத்தடி, ரெண்டு காலும் ஒரே மாதிரி வருதான்னு அண்ணிய பாக்க சொல்லுங்க. கிளட்ச் மிதிக்கற கால்ல பலம் குறைஞ்சிருந்தா சர்ஜன பாக்கறத தள்ளிப்போடாதீங்க. ஒண்ணுக்கு வராம அடைச்சா, உக்கார்ற எடம் மரத்துப்போனா அன்னிக்கே எமர்ஜென்சிக்கு போகணும், ராத்திரி எத்தன மணியா இருந்தாலும்.

பலம் நல்லா இருந்தா யோசிக்க டைம் இருக்கு. நெதர்லாந்துல 283 பேர வெச்சு செஞ்ச ஆராய்ச்சி 2007ல வந்துச்சு, ஒன்றரை மாசத்துல இருந்து மூணு மாசம் வரைக்கும் கால் வலி இருந்தவங்க, சீக்கிரம் ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு வேகமா சரியாச்சு, ஒரு வருஷத்துல காத்திருந்தவங்களும் அதே நிலைக்கு வந்துட்டாங்க, காத்திருந்தவங்கள்ல 39% பேர் அந்த ஒரு வருஷத்துக்குள்ள ஆபரேஷனுக்குத்தான் போனாங்க. ஆனா உங்கள மாதிரி 4 மாசத்துல இருந்து 12 மாசம் வரைக்கும் கால் வலியோட இருந்த 128 பேர கனடாவுல பாத்தப்ப, ஆறு மாசம் கழிச்சு ஆபரேஷன் பக்கம்தான் வலி நல்லா குறைஞ்சிருந்துச்சு, வலி 10க்கு 2.8, ஆபரேஷன் இல்லாம வைத்தியம் பாத்தவங்களுக்கு 5.2. உங்க வலி கால்லதான்னா நான் ஆபரேஷன் பக்கம்தான் சாய்வேன்.

காசு நெனச்சு ஊசிய எடுத்துக்காதீங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டுல இருக்கில்ல, இந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு வரும்னு விசாரிச்சுக்கலாம். வியாழக்கிழமை டாக்டர பாக்கறப்ப நானும் வர்றேன், எம்ஆர்ஐ ஃபிலிம மடிக்காம எடுத்து வைங்க, அதுவரைக்கும் சேலம் லோடு ஏத்த வேண்டாம்.

உங்க தங்கச்சி