பிடிபட்டும் பந்தை விடாத பீட்சன்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவன் மாவட்டக் கபடி அணிக்குத் தேர்வாகியிருக்கிறான் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத் தலைநகரான இந்த பிரிஸ்பேனில் குளிர் தொடங்கிவிட்டது. குளிர் வந்தால் இந்த ஊருக்கு வேறு பேச்சே கிடையாது, பந்தைக் கையில் ஏந்தி மோதி ஓடும் ரக்பி லீக்தான். அந்த ஆட்டத்தில் பெரிய முரடன் யார் என்று கேட்டிருந்தாய். சண்டியர்கள் நிறைய பேர் இருந்திருக்கிறார்கள். எனக்கு ஒரே பெயர்தான்: ஆர்தர் பீட்சன். ‘பிக் ஆர்ட்டி’.

அணிக்கு 13 பேர். அதில் ஃபார்வர்டுகள் என்ற முன்வரிசைக்காரர்களின் வேலை, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரணி வரிசைமேல் போய் மோதுவது, விழுவது, எழுந்து மறுபடி மோதுவது. பீட்சனும் மோதினார். ஆனால் இரண்டு மூன்று பேர் இடுப்பிலும் காலிலும் தொங்கும்போது, முட்டி தரையைத் தொடுவதற்குள் ஒரு கையை மட்டும் உருவி எடுத்து, பக்கத்தில் ஓடி வருகிறவனிடம் பந்தைக் கொடுத்துவிடுவார். கபடியில் பாடிப் போனவன் நாலு பேர் பிடியில் கிடந்தபடியே எட்டி நடுக்கோட்டைத் தொடுகிறானே, அந்த வித்தைதான். அவரைச் சாய்க்க மூன்று பேர் வேண்டும். அந்த மூவர் விட்டுவந்த இடம் காலியாகிவிடும், பந்து அதன் வழியே போய்விடும். அடி விழப்போகிறது என்று தெரிந்தும் கையால் உடம்பை மறைக்காமல், பந்துக்காகக் கையை நீட்டுகிற அந்தத் துணிச்சலைத்தான் நான் முரட்டுத்தனம் என்பேன். குத்துவிடுவதை அல்ல.

1945-ல் குயின்ஸ்லாந்தின் ரோமா என்ற ஊரில் பிறந்தவர். தாய் பழங்குடிப் பெண், சிறுவயதிலேயே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். பீட்சன் ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலில் ஆடியது 1966-ல். பழங்குடி மக்களையும் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கலாம் என்று வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்ததே 1967-ல்தான்! 1973-ல் அவர் ஆஸ்திரேலிய அணிக்கே தலைவரானார். எந்த விளையாட்டிலும் அந்த இடத்துக்கு வந்த முதல் பழங்குடி வீரர் அவர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

தொடக்கத்தில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. உடம்பு பெருத்தவர், பாதி ஆட்டத்துக்கு மேல் தாங்கமாட்டார் என்று ‘அரை ஆட்ட ஆர்ட்டி’ என்றே கூப்பிட்டார்கள். 1969-ல் அவருடைய சிட்னி கிளப்பான பால்மெயின் கோப்பையை வென்றபோது இவர் களத்திலேயே இல்லை. முந்தைய ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டு, தடையில் இருந்தார். அப்புறம் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் என்ற இன்னொரு சிட்னி கிளப்புக்குப் போனார். 1974-ல் ஜாக் கிப்சன் அங்கே பயிற்சியாளராக வந்தார். 1974, 1975 இரண்டு வருடமும் பீட்சன் தலைமையில் கோப்பை. 1975 இறுதிப் போட்டியில் செயின்ட் ஜார்ஜை 38-0 என்று துவைத்து எடுத்தார்கள்.

ஆனால் இந்த ஊர்க்காரர்கள் அவரைக் கொண்டாடுவது ஒரே ஒரு இரவுக்காக. அதுவரை மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில், நீ எந்த மாநில கிளப்பில் ஆடுகிறாயோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆட வேண்டும். பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் சிட்னி கிளப்புகளிடம் சூதாட்ட இயந்திரங்களால் வந்த பணம் கொட்டிக் கிடந்தது. குயின்ஸ்லாந்தின் நல்ல ஆட்டக்காரர்களை விலை கொடுத்து வாங்கி, அவர்களை வைத்தே குயின்ஸ்லாந்தை அடித்தார்கள். பீட்சனும் நியூ சவுத் வேல்ஸ் சட்டையில் சொந்த மாநிலத்துக்கு எதிராக ஆடியவர்தான். பிறந்து வளர்ந்த மாநிலத்துக்கே ஆடட்டும் என்று 1980 ஜூலை 8-ல் ஒரு ஆட்டத்தை பிரிஸ்பேனின் லாங் பார்க் மைதானத்தில் சோதனையாக வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 35, பாராமட்டா கிளப்பின் இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அவரைக் குயின்ஸ்லாந்து அணிக்குத் தலைவராக்கினார்கள். குயின்ஸ்லாந்தின் பழுப்புச் சிவப்புச் சட்டையில் முன்னால் அவர் ஓடி வந்ததைப் பார்த்த 30,000-க்கும் மேற்பட்டவர்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்கிறார்கள் அன்று போனவர்கள்.

அந்த ஆட்டத்தில் எதிரணியில் நின்ற தன் கிளப் தோழன் மிக் குரோனினையே முகத்தில் பட மோதினார். அதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நட்பு வேறு, ஆட்டம் வேறு என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது, சரிதான். நான் பார்க்கச் சொல்வது மற்ற நேரத்தை. மூச்சு வாங்குகிற அந்த வயதிலும் நாலு பேர் நடுவில் நின்று இளைஞர்களுக்குப் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அதே நாளில் 20 வயது நிறைந்த குயின்ஸ்லாந்து வீரர் மால் மெனிங்கா உதைத்த ஏழு உதையும் கோல். குயின்ஸ்லாந்து 20-10 என்று வென்றது. சோதனைக்கு வைத்த அந்த ஆட்டம்தான் ‘ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்’ என்ற பெயரில் 1982 முதல் வருடம் மூன்று ஆட்டமாக நடக்கிறது.

2011 டிசம்பரில் கோல்டு கோஸ்ட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து போய்விட்டார், 66 வயது. லாங் பார்க் வாசலில் இப்போது அவருக்குச் சிலை இருக்கிறது. நீ இங்கே வரும்போது முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

1980 ஆட்டத்தின் காணொளியைத் தனியாக அனுப்புகிறேன், நீயும் சின்னவனும் சேர்ந்து பாருங்கள். தங்கச்சியையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல். உன் தோள் வலிக்கு வைத்தியரைப் பார்த்தாயா, இல்லையா? மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி